ஒன்றரை விநாடியில் நின்றுபோன பம்ப்

2025 ஜூலை 30 அன்று நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த, ரேடாரால் பூமியை நோக்கும் நிசார் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. சுமந்து போனது நம் ஜிஎஸ்எல்வி ராக்கெட். "இந்த ராக்கெட்டுக்கு எஞ்சின் கிடைக்கவிடாமல் செய்ததே அமெரிக்காதானே சார், அந்த எஞ்சினில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

முதலில் வரலாறு. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து பறந்த முதல் ராக்கெட்டே அமெரிக்கா கொடுத்த நைக்-அபாச்சிதான். 1974இல் பொக்ரானில் நாம் அணுகுண்டு சோதனை நடத்தியதும் சந்தேகம் முளைத்தது. ஆனாலும் அடுத்த ஆண்டே நம் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்ட நாசா தன் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் தந்தது. அணைப்பும் அதட்டலும் எப்போதும் சேர்ந்தேதான் வந்திருக்கின்றன. 1991இல் மாஸ்கோவின் விண்வெளி வணிக நிறுவனமான கிளாவ்காஸ்மோஸோடு கிரையோஜெனிக் எஞ்சினுக்கு, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் எஞ்சினுக்கு, ஒப்பந்தம் போட்டோம். ஏவுகணைக்குப் பயன்படும் என்று சொல்லி 1992 மே மாதம் அமெரிக்கா இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மோஸ் மீதும் தடை விதித்தது. 1993இல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின் தருவோம், செய்முறை கிடையாது.

ஏவுகணைக் காரணத்தை நான் ஒருநாளும் நம்பியதில்லை. கிரையோஜெனிக் எஞ்சினுக்கு நிரப்பி வைத்த எரிபொருள் நின்ற இடத்திலேயே கொதித்து ஆவியாகும். அவசரத்துக்கு ஏவ வேண்டிய ஆயுதத்தில் அதைப் போய் யார் வைப்பார்கள்?

எஞ்சினுக்கு வருவோம். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் கொதிக்கும். ஒரு லிட்டர் எடுத்தால் 70 கிராம்தான் இருக்கும். அவ்வளவு லேசான திரவத்தை எரியறைக்குள் அழுத்தித் தள்ள, பிரதான டர்போ பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 40,000 முறை சுற்ற வேண்டும். அந்த வேகத்தில் உறிஞ்சும்போது வாய்ப்பக்கம் அழுத்தம் சரியும். மலை உச்சியில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிற அதே கதைதான். ஏற்கெனவே கொதிநிலையின் விளிம்பில் நிற்கும் ஹைட்ரஜன் குமிழ் விட்டுவிடும், பம்ப் வெறும் வாயுவைக் கடையும். அதனால் முன்னால் ஒரு சின்ன பூஸ்டர் பம்ப் வைத்து, அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இந்தச் சின்ன பம்ப்தான். அறை வெப்பத்திலிருந்து இந்தக் குளிருக்குப் போனால் பத்து சென்டிமீட்டர் எஃகு சுமார் 0.3 மில்லிமீட்டர் சுருங்கும்; அலுமினியம் 0.4. வித்தியாசம் ஒரு தலைமுடி தடிமன். பம்பில் சுற்றும் பாகமான சுழலிக்கும், கசிவைத் தடுக்கும் சீலுக்கும் நடுவே விடும் இடைவெளியை விழுங்க அது போதும். ஆகவே கடைசல் எந்திரத்தில் பாகத்தை வேண்டுமென்றே 'தப்பான' அளவில் கடைய வேண்டும். குளிரில் உறைந்த பிறகுதான் அது சரியான அளவுக்கு வந்து உட்காரும். பேரிங்குக்கு எண்ணெய் விடலாமென்றால் எண்ணெய் கல்லாகிவிடும். இந்தக் கணக்கெல்லாம் வரைபடத்தில் முழுசாக இருக்காது, பம்புகளைச் சுழற்றிப் பார்த்து, கெடுத்துப் பார்த்துத்தான் கைக்கு வரும். நமக்கு மறுக்கப்பட்டது இந்தக் கைப்பக்குவம்.

2010 ஏப்ரல் 15. சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு முதல் பயணம். எஞ்சின் பற்றிக்கொண்டது. பூஸ்டர் பம்ப் நிமிடத்துக்கு 34,800 சுற்றைத் தொட்டது. 0.9 விநாடியில் வேகம் தளர்ந்தது, அடுத்த 0.6 விநாடியில் நின்றேவிட்டது. ஹைட்ரஜன் வரவில்லை, ராக்கெட் கடலில் விழுந்தது. சீல் சுழலியைக் கவ்விப் பிடித்திருக்கலாம், அல்லது பம்பைச் சுழற்றும் டர்பைனின் உறை வெடித்திருக்கலாம் என்றது ஆய்வு.

மக்கள் பணம் கடலில் போச்சு என்று அன்றைக்குப் புலம்பியவர்கள் உண்டு. தரையில் இன்னும் நாலு பம்பை உடைத்துப் பார்க்கக் காசு கேட்டால் முகம் சுளிப்பவர்களும் இவர்களேதான்.

குளிரில் பேரிங்கும் உறையும் சுருங்கி விரிவதற்கு இடம்விட்டு அந்தப் பம்பைத் திருத்தினார்கள். 2014 ஜனவரி 5 அன்று எஞ்சின் சுமார் 12 நிமிடம் எரிந்து ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. நாசாவின் எல்-பேண்ட் ரேடாரை நிசாரில் வைத்துத் தூக்கிப் போனதும் அந்த வகை எஞ்சின்தான்.