பாரிட்டி: ஒற்றையா, இரட்டையா?

கணினித் தரவை அனுப்பும்போது பிழை நேர்ந்ததா என்று பார்ப்பதற்காகக் கூடுதலாகச் சேர்க்கும் பிட் (ஒரு 0 அல்லது 1) பாரிட்டி பிட். அதைத் தமிழில் ‘சமநிலை பிட்’ என்று எழுதுவதுண்டு. எனக்கு இது பொருந்தாத சொல்லாகவே படுகிறது. சமநிலை என்றதும் 0-வும் 1-ம் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் போல என்றுதான் மாணவர் நினைப்பார். பாரிட்டிக்கு அந்தக் கணக்கே கிடையாது. 1-கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா, அவ்வளவுதான் அது பார்ப்பது.

லத்தீனில் ‘பார்’ என்றால் சமம். இரண்டு சம பங்காகப் பிரிகிற எண்ணுக்கும் அதே பெயர், பிரியாதது ‘இம்பார்’. ரோமானியர்கள் கைக்குள் கொட்டைகளை மறைத்துக்கொண்டு ‘பார் இம்பார்’ ஆடினார்கள். நம் ஊரில் புளியங்கொட்டையை வைத்து ஆடும் ஒத்தையா ரெட்டையா அதே ஆட்டம்தான்! ‘பார்’ தந்த ‘பாரித்தாஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் பாரிட்டி. சமநிலை என்று பெயர்த்தவர்கள் முதல் பொருளை எடுத்தார்கள். கணினிக்கு வேண்டியது இரண்டாவது பொருள்.

ஆங்கில எழுத்துகளை 0, 1-களாக எழுதும் 7 பிட் ஆஸ்கி முறையில் பெரிய ‘சி’ (C) எழுத்து 1000011. இதில் மூன்று 1-கள். 1-களின் மொத்தம் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்று இருபக்கமும் பேசி வைத்திருந்தால், அனுப்பும் பக்கம் எட்டாவதாக ஒரு 1 சேர்க்கும். வழியில் ஒரு பிட் மாறினால் 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடும், பெறும் பக்கத்துக்குப் பிழை தெரிந்துவிடும். ஆனால் மாறியது எந்த பிட் என்று தெரியாது. இரண்டு பிட் சேர்ந்து மாறினால் பிழையே தெரியாது.

பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கிற இயந்திரத்தால் அது இருக்கும் இடத்தை ஏன் கண்டுபிடிக்க முடியாது என்று கேட்டவர் பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங். 1950-இல் அவர் வெளியிட்ட விடை இன்றும் வியக்க வைக்கிறது. 4 தரவு பிட்டுகளோடு 3 பாரிட்டி பிட்டுகளைச் சேர்த்து, அவற்றை 1, 2, 4 ஆகிய இடங்களில் வைக்க வேண்டும். முதலாவது 1, 3, 5, 7 ஆகிய இடங்களைச் சோதிக்கும். இரண்டாவது 2, 3, 6, 7. நான்காம் இடத்தில் உள்ளது 4, 5, 6, 7. ஐந்தாம் பிட் மட்டும் கெட்டால் 1-க்கும் 4-க்கும் உரிய சோதனைகள் தவறும். 1-ஐயும் 4-ஐயும் கூட்டினால் 5, கெட்ட இடம் அதுவே! அந்த பிட்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஒற்றையிரட்டை பிட்’ என்பது என் பரிந்துரை. கொஞ்சம் நீளம்தான், ஆனால் பிட் செய்யும் வேலை பெயரிலேயே இருக்கிறது. சமநிலையை வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் விட்டுவிடலாம்; அங்கே அது கச்சிதமான சொல்.