போல்ட் உட்கார்ந்தால் பாகம் பொருந்திவிட்டதா? டிரக் என்ஜின் கட்டுவோர் பார்க்க வேண்டிய அளவுகள்

பவர் ஏற்றிக் கட்டிய டிரக் என்ஜின் சீக்கிரமே படுத்துவிட்டால், பழி ஏதாவது ஒரு பாகத்தின் தலையில் விழும். பிஸ்டன் மட்டம், கேஸ்கெட் மட்டம் என்பார்கள். பிரித்துப் பார்த்தால் தனித்தனியாக எல்லாமே நல்ல சரக்காக இருக்கும். ஒன்றோடொன்று சேராதவை, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 டிரக் என்ஜின்கள் நல்ல உதாரணம். 4.8, 5.3, 6.0 லிட்டர் என்று பல அளவுகள். ஒன்றின் பாகம் இன்னொன்றில் போல்ட் ஏறிவிடும். அந்த வசதிதான் பலரை மாட்டிவிடுகிறது.

முதலில் கேட்க வேண்டியது: வண்டி என்ன வேலை செய்யப்போகிறது? பாரம் இழுக்கும் டிரக்கின் என்ஜின் பெரும்பாலான நேரம் 1,500 முதல் 3,500 ஆர்பிஎம்மில் ஓடும். 6,500-இல் உச்சம் தொடும் கேம்ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டால் விளம்பரத்தில் சொன்ன குதிரைத்திறன் கிடைக்கலாம், ஆனால் மேட்டில் வண்டி திணறும். வால்வு திறந்திருக்கும் நேரம் நீள நீள ஐடிலில் வேக்குவம் குறையும். பிரேக் பூஸ்டர் அதை நம்பித்தான் இருக்கிறது. 5.3 லிட்டரில் பாரம் இழுக்க, 1.27 மி.மீ. லிஃப்டில் அளந்த இன்டேக் டியூரேஷன் (இன்டேக் வால்வு திறந்திருக்கும் அளவு, கிராங்க் சுழலும் டிகிரியில்) 205 முதல் 215 டிகிரிக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் டார்க் கன்வெர்ட்டர் (என்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைப்பது), கியர் விகிதம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது பிளாக்குக்குள் நடக்கும் கணக்கு. கிராங்க், ராட், பிஸ்டன் மூன்றையும் ஒரே கூட்டலாகப் பார்க்க வேண்டும்: ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) பாதி, ராட் நீளம், பிஸ்டனை ராடோடு இணைக்கும் ஊசியின் மையத்திலிருந்து பிஸ்டன் மேல்தளம் வரை உள்ள உயரம். இந்தக் கூட்டுத்தொகை பிளாக்கின் டெக் உயரத்தோடு (கிராங்க் மையத்திலிருந்து ஹெட் உட்காரும் தளம் வரை) ஒத்துப்போக வேண்டும். 5.3-இல் 46 + 154.9 + 34 = 234.9 மி.மீ.; டெக் உயரம் 234.7. அதாவது பிஸ்டன் உச்சியில் 0.2 மி.மீ. வெளியே எட்டிப் பார்க்கும். 4.8-க்கு ஸ்ட்ரோக் 83 மி.மீ.தான், ஆனால் ராட் 159.4 மி.மீ.; கூட்டினால் அதே 234.9. இது தெரியாமல் 4.8 பிளாக்கில் 5.3 கிராங்க்கைப் போட்டு, பழைய ராடையே வைத்தால் பிஸ்டன் நாலரை மி.மீ. மேலே வந்து ஹெட்டில் இடிக்கும். பேரிங் அளவு ஒன்றேதான், கிராங்க் அழகாக உட்காரும். அதை வைத்துப் பொருத்தத்தை முடிவு செய்ய முடியாது.

கம்ப்ரெஷனையும் கையால் போட்டுப் பார்த்துவிடலாம். 96 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 92 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 666 சிசி. ஹெட் சேம்பர் 61 சிசி, 98 மி.மீ. துளையும் 1.3 மி.மீ. தடிமனும் உள்ள கேஸ்கெட்டுக்கு 9.8 சிசி, மேலே எட்டிப் பார்க்கும் தட்டையான பிஸ்டனுக்காக 1.4 சிசி கழிவு: மொத்தம் 69.4. 666-ஐயும் 69.4-ஐயும் கூட்டி 69.4-ஆல் வகுத்தால் விகிதம் 10.6. இதே என்ஜினில் 6.0 லிட்டரின் 71 சிசி ஹெட்டைப் போட்டால் 9.4-க்கு இறங்கிவிடும். டர்போ வைப்பவருக்கு அது வசதி. டர்போ இல்லாமல் 'பெரிய ஹெட், நல்ல ஃப்ளோ' என்று போட்டவருக்கு நஷ்டம். பிஸ்டனில் குழி இருந்தால் அதன் சிசியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஹெட் விஷயத்தில் இன்னொரு கண்ணி உண்டு. 6.2 லிட்டர் எல்எஸ்3-இன் சதுர வாய் ஹெட்டில் இன்டேக் வால்வு 55 மி.மீ. அதற்குக் குறைந்தது 101.6 மி.மீ. போர் வேண்டும். 96 மி.மீ. பிளாக்கிலும் அந்த ஹெட்டின் போல்ட் துளைகள் நேராகவே வரும். ஆனால் வால்வு சிலிண்டர் சுவரில் மோதும். ஹெட்டை மாற்றினால் இன்டேக் மேனிஃபோல்டும் மாறும்: நீண்டு ஒடுங்கிய பழைய வாய்க்கான மேனிஃபோல்ட் சதுர வாய்க்கு உதவாது.

போல்ட்டையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். 2003 வரை வந்த பிளாக்குகளில் 11 மி.மீ. ஹெட் போல்ட்டுகள் இரண்டு நீளத்தில் இருக்கும். 2004 முதல் ஒரே நீளம். நீளமானதைப் புதிய பிளாக்கில் திருகினால் துளையின் அடியில் முட்டி நிற்கும். டார்க் ரென்ச் 'க்ளிக்' என்று சொல்லும், கேஸ்கெட்டின் மேல் அழுத்தமே இருக்காது. இழுத்து முறுக்கும் வகை போல்ட்டை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தவும் கூடாது. கிராங்க்கைத் தாங்கும் மெயின் கேப்புக்கு போல்ட்டை எடுத்துவிட்டு ஸ்டட் போட்டால் பேரிங் துளையின் வட்டம் மாறும். அளந்து பார்த்து, தேவைப்பட்டால் லைன் ஹோனிங் (பேரிங் துளைகளை ஒரே நேர்கோட்டில் சீவுதல்) செய்ய வேண்டும். ராட் போல்ட்டை மாற்றினாலும் இதே கதைதான்.

கேம் வாங்கும்போது வால்வு ஸ்பிரிங், அதைப் பிடித்திருக்கும் ரீட்டெய்னர், கேமின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் புஷ்ராட் எல்லாம் சேர்ந்துதான் ஒரு செட். வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் முட்டிக்கொள்ள இன்னும் 1.5 மி.மீ. இடம் மிஞ்ச வேண்டும். ரீட்டெய்னருக்கும் வால்வு சீலுக்கும் நடுவே 1.3 மி.மீ. ஸ்டாக் புஷ்ராட் 188 மி.மீ. ஹெட்டைச் சீவினாலோ, கேஸ்கெட் தடிமன் மாறினாலோ, கேமின் அடிவட்டம் சிறுத்தாலோ இந்த நீளம் பொய்யாகிவிடும். நீளம் கூட்டிக் குறைக்கும் சோதனைப் புஷ்ராடை வைத்து அளந்த பிறகே ஆர்டர் போடுங்கள். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்தோ, லேசான ஸ்பிரிங் போட்டு டயல் கேஜாலோ பார்க்கலாம்: இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ.க்குக் குறையவே கூடாது. சிலிண்டரை நிறுத்திவைக்கும் வசதி உள்ள 5.3 என்றால் 1, 4, 6, 7 ஆகிய நான்கிலும் லிஃப்டர் (கேமின் மேல் ஓடிப் புஷ்ராடைத் தள்ளும் பாகம்) வேறு மாதிரி இருக்கும். கேமை மட்டும் மாற்றினால் ஆகாது. அந்த லிஃப்டர்கள், அவற்றின் பிளாஸ்டிக் தாங்கிகள், பிளாக்கின் நடுப்பள்ளத்தை மூடும் கவர், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அமைப்பு எல்லாம் மாற வேண்டும்.

பூஸ்ட் (டர்போ போன்றவற்றால் காற்றை அழுத்தித் திணிப்பது) ஏற்றும் என்ஜினை அதிகம் கொல்வது பிஸ்டன் ரிங்கின் இரு முனைக்கும் இடையேயான இடைவெளி. டர்போ இல்லாத என்ஜினுக்குப் போர் அளவில் ஆயிரத்துக்கு 4.5 பங்கு, 96 மி.மீ.க்கு 0.43 மி.மீ. பூஸ்ட் என்றால் குறைந்தது ஆயிரத்துக்கு 6, அதாவது 0.58. பாக்கெட்டிலிருந்து எடுத்தபடியே ரிங்கை மாட்டினால், சூட்டில் இரு முனையும் முட்டி, ரிங் சுவரைக் கவ்வும். பிஸ்டனின் மேல்விளிம்பு பிய்ந்து வரும். பார்ப்பவர் பிஸ்டன் மட்டம் என்பார். பிஸ்டன் தயாரிப்பாளர் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. போரை ஹோன் செய்வதும் பிஸ்டன் கையில் வந்து மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான்: 2618 அலுமினியக் கலவை ஃபோர்ஜ்டு பிஸ்டன் 4032-ஐவிட அதிகம் விரியும், சுவர் இடைவெளியும் கூடுதலாக வேண்டும்.

இன்ஜெக்டருக்கும் ஒரு சின்னக் கணக்கு போதும். பூஸ்ட் உள்ள பெட்ரோல் என்ஜினில் 500 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 300 பவுண்டு எரிபொருள். எட்டால் வகுத்து, 80 சதவீத டியூட்டிக்கு (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரப் பங்கு) 0.8-ஆல் வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 47. நிமிடத்துக்குச் சுமார் 490 சிசி. பம்பும் லைனும் அதைத் தாங்க வேண்டும், புது இன்ஜெக்டரின் விவரம் ஈசியூவில் ஏற வேண்டும். டீசலில் அபாயம் வேறு பக்கம்: பெரிய இன்ஜெக்டரும் சின்ன டர்போவும் சேர்ந்தால் காற்று பற்றாமல் எக்ஸாஸ்ட் சூடு ஏறும். டர்போவுக்கு முன்னால் ஒரு வெப்பமானி வைக்காமல் டீசல் டிரக்கில் பவர் ஏற்றக் கூடாது.

கிராங்க் சென்சார் சக்கரம் பழையவற்றில் 24 பல், பின்னர் வந்தவற்றில் 58. ஈசியூவும் சென்சாரும் அதற்கேற்ப இல்லாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. இது ஒருவிதத்தில் நல்ல தவறு, எதையும் உடைக்காது.

கிராங்க்கின் பின்பக்கம் அப்படியல்ல. 1999, 2000-இல் வந்த 6.0 லிட்டர் கிராங்க்கின் பின்பக்க ஃபிளாஞ்ச் மற்றவற்றைவிடச் சுமார் 10 மி.மீ. அதிக நீளம். அதற்கேற்ற ஃபிளெக்ஸ் பிளேட் (கிராங்க்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தட்டு) இல்லாமல் பெல் ஹவுசிங்கை போல்ட்டால் இழுத்து மூடினால், டார்க் கன்வெர்ட்டர் கிராங்க்கை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும், த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துபோகும். ஹவுசிங் மூடிய பிறகு கன்வெர்ட்டரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் இடையே 2 முதல் 4 மி.மீ. தெரியாவிட்டால் போல்ட்டை முறுக்காமல் கியர்பாக்ஸைக் கழற்றுங்கள்.