பட்டை ஏற்றினால் ஜீப் பலமாகிவிடாது, தம்பி

பட்டை (சஸ்பென்ஷனில் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் தகடு) கூடுதலாக ஏற்றிக்கொண்டு இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது ஜீப் இது. முதல் இரண்டு வண்டிக்கும் பேசாமல் வேலை பார்த்து அனுப்பிவிட்டேன். மூன்றாவது வண்டி போடிமெட்டிலிருந்து இறங்கும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான், முன் சக்கரம் இரண்டும் பேய் பிடித்த மாதிரி ஆடி, ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. 17 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதை அது. எப்படியோ ஓரம் கட்டி நிறுத்தி, அப்புறம் முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்து சேர்ந்தார் அந்தத் தம்பி. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போனேன்.

பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப். நல்ல வண்டி, சேஸில் துரு கூட அதிகமில்லை. பின்னால் இரண்டு பக்கமும் லாரிப் பட்டை ஒவ்வொன்று செருகியிருந்தது. முன்னால் கம்பெனி ஷேக்கிளை (பட்டையின் நுனியைச் சேஸோடு தொங்கவிடும் இணைப்பு) கழற்றிவிட்டு, அதைவிட நாலு இஞ்சு நீளமாக வெட்டிய இரும்புத் தகடு. ஷாக் அப்சார்பர் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது, வண்டி சும்மா நிற்கும்போதே அது முக்கால்வாசி நீண்டுவிட்டது. முன் பிரேக் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. மெயின் பட்டையின் கண்ணில் இருக்க வேண்டிய ரப்பர் புஷ்? தேய்ந்து தூளாகி, இரும்பும் இரும்பும் உரசிப் பளபளப்பாகிவிட்டது. இத்தனை செலவு செய்தவர் அந்த புஷ்ஷை மட்டும் தொடவில்லை.

“அண்ணே, சஸ்பென்ஷன் அப்கிரேட் பண்ணியிருக்கேன்ணே” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

நீள ஷேக்கிள் போட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நாலு இஞ்சு நீட்டினால் வண்டி உயர்வது இரண்டு இஞ்சுதான், அதற்கு விலையாக முன் அச்சு திரும்பி, காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு) குறைந்து, ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும் குணம் போய்விடும். அதோடு புஷ்ஷும், முன் சக்கரம் திரும்புகிற கிங் பின்னும் தேய்ந்திருந்தால் அந்தப் பேயாட்டம்தான்.

என்னை நிஜமாகவே எரிச்சல்படுத்துவது அந்த லாரிப் பட்டை. “கெட்டியா இருந்தா ஸ்ட்ராங்கா இருக்கும்ல?” என்று கேட்காத ஆள் இல்லை. இல்லை. கெட்டி வேறு, பலம் வேறு. ஸ்பிரிங்கின் வேலை வண்டியைத் தூக்கிப் பிடிப்பது பாதிதான், மீதிப் பாதி, சக்கரத்தைத் தரையோடு ஒட்ட வைப்பது. பாறை வழியில் இடது சக்கரம் கல்லில் ஏறும்போது வலது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தேட வேண்டும். பட்டை வளையாவிட்டால் அது இறங்காது, அந்தரத்தில் நிற்கும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் அந்தரத்தில் நிற்கிற சக்கரம்தான் சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் சும்மா நிற்கும். உடனே “ஃபோர் வீல் வேலை செய்யலைண்ணே” என்று என்னிடம் வருவார்கள். ஃபோர் வீல் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள்தான் அதன் காலைக் கட்டிப்போட்டுவிட்டீர்கள்.

இன்னும் கேளுங்கள். பட்டையின் தடிமன் கொஞ்சம் கூடினாலும் விறைப்பு கன்னாபின்னாவென்று ஏறும், தடிமனை மூன்று முறை தன்னோடு தானே பெருக்குகிற கணக்கு அது. 6 மில்லி பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்தில் 8 மில்லி பட்டை போட்டால், அந்த ஒரு பட்டை மட்டும் ஏறக்குறைய இரண்டரைப் பட்டைக்குச் சமம். ஆக, “ஒண்ணே ஒண்ணுதானே சேர்த்தேன்” என்பது கணக்கு ஆகாது. அதோடு, கூட்டத்தோடு சேர்ந்து வளையும்போது தடித்த பட்டையில்தான் இழுவிசை அதிகம், அதனால் அதுவே முதலில் ஒடியும். ஒடியாவிட்டால் பள்ளத்தின் அடி நேராக சேஸுக்குப் போகும். ஸ்பிரிங் ஹேங்கர் இருக்கிற இடத்தில் சேஸ் வெடித்த ஜீப்புகளை நான் வெல்ட் வைத்திருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் இப்படிப் பட்டை ஏற்றிய வண்டிகள். பட்டையைத் தளர்வாகவும் ஷாக்கைச் சரியாகவும் வைத்த வண்டி பாறையில் பூனை மாதிரி நடக்கும். ஒருமுறை அப்படி ஓட்டிப் பார்த்தவர்கள் திரும்ப என்னிடம் கெட்டிப் பட்டை கேட்டதில்லை.

விதிவிலக்கு உண்டு. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்கு எப்போதும் பாரம் இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு உதவிப் பட்டை நியாயம். வாரக் கடைசியில் இரண்டு பேர் ஏறி மலைக்குப் போகிற வண்டிக்கு அது எதற்கு? (தோட்ட ஜீப் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள், பட்டை சேர்த்தது இன்னும் நாலு பேரை ஏற்றுவதற்கு அல்ல. பிரேக் அதே பிரேக்தான். இறக்கத்தில் அது தெரியும்.)

சரி, கையில் கொஞ்சம்தான் காசு இருக்கிறது, பழைய வண்டி, என்ன செய்வது?

முதலில் எதுவும் வாங்காதீர்கள். பட்டைக் கட்டைக் கழற்றிப் பிரித்து, துரு சுரண்டி, ஒவ்வொரு பட்டையையும் வெளிச்சத்தில் பாருங்கள். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கும், அங்கேதான் ஒடியும். ஒடிந்த பட்டையை வெல்ட் வைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள், கேஸ் வைத்துச் சூடாக்கி வளைப்பதும் அதே தப்பு, டெம்பர் (இரும்பின் பதம்) போனால் அது ஸ்பிரிங் இல்லை, தகரம். சூடாக்காமல் பச்சையாக அடித்து வளைவு ஏற்றித் தருகிற கடைகளும் உண்டு, சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும். சரியாக டெம்பர் செய்து தருகிறவர் உங்கள் ஊரில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் அந்தக் காசைச் சேர்த்து வைத்து, இரண்டு பக்கமும் ஜோடியாகக் கம்பெனி அளவுப் பட்டைக் கட்டு புதிதாகப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும், பிறகு அதற்கும் என்னைத்தான் திட்டுவீர்கள்.

அடுத்தது புஷ், ஷேக்கிள் பின், பட்டையை அச்சோடு கட்டுகிற யு போல்ட். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டியைத் தரையில் இறக்கி நிறுத்திய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கிரீஸ் நிப்பிள் உள்ள ஷேக்கிள் என்றால் கிரீஸ் அடிக்கவாவது செய்யுங்கள். எஞ்சினில் வடித்த பழைய ஆயிலைப் பட்டைக்கு ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் போகவே மாட்டேன் என்கிறது, ரப்பரைத் தின்றுவிடும் அது. யு போல்ட் கழற்றினால் புதுசு போடுங்கள். ஒருமுறை இழுபட்ட மரை மறுபடி அதே பிடி பிடிக்காது.

அப்புறம் ஷாக். ஷாக் மாற்றினால் வண்டி உயரும் என்று நினைத்துக் கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பாரம் தாங்குவது பட்டை, பட்டை துள்ளாமல் அடக்குவதுதான் ஷாக். வண்டியை மேலே கீழே அமுக்கிப் பார்த்து ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள், பட்டை வண்டியில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே துள்ளலை நிறுத்திவிடும், செத்த ஷாக்கும் உயிரோடு இருக்கிற மாதிரி காட்டும். கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். வாங்கும் முன் ஜாக்கி வைத்து சேஸைத் தூக்கிச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது மேல் பின்னுக்கும் கீழ்ப் பின்னுக்கும் இடையே அளவு எடுங்கள். புது ஷாக்கின் முழு நீளம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அமுங்கும்போது பம்ப் ஸ்டாப் (அச்சு மேலே முட்டும் ரப்பர் தடுப்பு) முட்டும் முன் ஷாக் முட்டக் கூடாது. இந்த இரண்டு அளவும் இல்லாமல் விலை உயர்ந்த ஷாக் வாங்கினாலும் வீண். அதே தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் தளர்வாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

டயர் காற்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. காசில்லாத சஸ்பென்ஷன் அதுதான். கல் பாதையில் மெதுவாகப் போகும்போது 30 பாயிண்டிலிருந்து 20க்கு இறக்கிப் பாருங்கள், வண்டியே வேறு மாதிரி இருக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு உயரம் வேண்டும் என்றால் ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சு, வளைவு கூடிய பட்டை மூலமாக. முன் அச்சுக்கும் பட்டைக்கும் இடையே பிளாக் (கட்டை) வைத்து உயர்த்துவது வேண்டவே வேண்டாம், பிரேக் பிடிக்கும்போது அச்சே முறுக்கும். ஒன்றரை இஞ்சுக்கு மேல் ஏற்றினால் குட்டை வீல்பேஸ் ஜீப்பில் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் செங்குத்தாகி அதன் மூட்டான கிராஸ் அடிக்கடி போகும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் சரிந்து பள்ளத்துக்குப் பள்ளம் ஸ்டீயரிங் இழுக்கும். 2010இல் வந்த மஹிந்திரா தார் (Thar) வைத்திருப்பவர்கள் முன்னால் டார்ஷன் பாரை (முறுக்கினால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) திருகி ஏற்றுகிறீர்களே, அதில் விறைப்பும் அதிகமாகாது, பயணமும் அதிகமாகாது. சக்கரம் கீழே இறங்குகிற தூரத்தைத் திருடி உயரமாகக் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான். ஆக்சில் பூட் (மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் தெறிக்கும்போது தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்தை மாற்றுகிற அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். விபத்து என்று ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் வண்டிக்கு அடியில்தான் குனிந்து பார்ப்பார்.

அந்தத் தம்பியின் வண்டிக்குக் கம்பெனி அளவு ஷேக்கிள், புஷ் செட், புது யு போல்ட், நாலு ஷாக் போட்டு, லாரிப் பட்டையை உருவி எடுத்தேன். அவர் ஏற்கெனவே கொடுத்த காசில் பாதிகூட ஆகவில்லை. பட்டையை என்ன செய்வது என்று கேட்டார், இங்கேயே கிடக்கட்டும் என்றேன். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு யு போல்ட்டை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும், வரச் சொல்லியிருக்கிறேன். வேறு எங்கே வேலை பார்த்த வண்டியாக இருந்தாலும் அதற்கு மட்டும் வாருங்கள், காசு வாங்க மாட்டேன், பத்து நிமிட வேலை.