ஏப்ரலில் உள்ளானைக் கலைக்காதீர்கள்

ஏப்ரல் முதல் வாரம், நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓர் உப்பளக் கரை. விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முக்காலியில் தொலைநோக்கியை வைத்து உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைகளின் கூட்டம் ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தேன். நானூற்றுச் சொச்சம் வரை வந்திருப்பேன், கூட்டம் மொத்தமும் ஒரே வீச்சில் எழும்பியது. வல்லூறு வந்துவிட்டது என்று நினைத்து மேலே பார்த்தேன். வந்திருந்தது டிரோன்.

பறவைகள் சுற்றிவந்து மறுபடி உட்கார்ந்தன. மறுபடி எழுப்பப்பட்டன. ஆறு முறை. ஏழாவது முறைக்கு முன் வரப்பிலேயே நடந்து போய்க் கேட்டேன். மூன்று இளைஞர்கள், மூவரும் மரியாதையானவர்கள்தான். "இதோ முடிந்துவிடும் சார்" என்றார் ஒருவர். "இன்னும் இரண்டு வாரத்தில் எப்படியும் சைபீரியா வரைக்கும் பறக்கப்போகிற பறவை. இங்கே நாலு சுற்றுச் சுற்றினால் என்ன ஆகிவிடும்?" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் கொஞ்சம் வாசிப்பவர் போலிருந்தது. "அங்கே இப்போது பனி சீக்கிரம் உருகுகிறதாமே சார். நல்லதுதானே? முன்னாலேயே போய் முட்டை இட்டுவிடும்."

இந்தப் பேச்சை நான் கேட்பது இது முதல் முறை அல்ல. பள்ளிப் பிள்ளைகள் சொன்னால் சிரித்துக்கொண்டே விளக்குவேன். ஒரு கூட்டத்தில் எனக்கு முன்னால் மேடையேறிய பேச்சாளரே சொன்னார், அன்று சிரிப்பு வரவில்லை. வெயிலில் வரப்பில் நின்றபடி அந்த இளைஞர்களுக்கு முழுதாகச் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய கணக்கு. வேடந்தாங்கலில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா போன்றவை நம் துணைக்கண்டத்துப் பறவைகள். 'சைபீரியாவிலிருந்து முட்டையிட வேடந்தாங்கலுக்கு வருகின்றன' என்று ஆண்டுதோறும் எழுதப்படுகிறது, ஆண்டுதோறும் தவறு. நிஜமாகவே ஆர்க்டிக்கிலிருந்து வரும் உள்ளான்கள் இங்கே கூடே கட்டுவதில்லை. அவற்றுக்கு நம் ஊர் சாப்பாட்டு இடம். பிரசவம் அங்கே.

அன்று நான் எண்ணிக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் கர்லியூ சாண்ட்பைப்பர், அலகு கீழ்நோக்கி வளைந்த உள்ளான். மீதியில் பெரும்பாலானவை கொசு உள்ளான். கர்லியூ சாண்ட்பைப்பர் முட்டையிடுவது ரஷ்யாவின் வடமுனையில், டைமிர் தீபகற்பத்தை ஒட்டிய தூந்திரப் பகுதியில், அதாவது மரமில்லாத உறைபனிச் சமவெளியில். கோடியக்கரையிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல். ஜூன் தொடக்கத்தில் போய்ச் சேர வேண்டும், நான்கு முட்டை இட வேண்டும், மூன்று வாரம் போல அடைகாக்க வேண்டும். பொரித்த குஞ்சுக்குத் தாய் ஊட்டுவதில்லை. முதல் நாளிலிருந்தே அது தானாக ஓடிப் பூச்சி பிடித்துத் தின்றாக வேண்டும். தூந்திரத்தில் கொசுவும் சிறு ஈக்களும் மொய்க்கும் நாட்கள் சில வாரங்கள் மட்டுமே. குஞ்சு அந்த வாரங்களுக்குள் பொரிந்து வளர்ந்துவிட வேண்டும்.

இனி, 'பனி சீக்கிரம் உருகினால் நல்லதுதானே' என்ற பேச்சுக்கு வருகிறேன்.

நம் உப்பளத்தில் நிற்கும் உள்ளானுக்கு டைமிரில் பனி உருகிவிட்டது என்று யார் சொல்வது? செய்தித்தாளா, செல்பேசியா? அது புறப்படும் நாளைப் பெரும்பாலும் அதன் உடலுக்குள் ஓடும் ஆண்டுக் கடிகாரம்தான் தீர்மானிக்கிறது. அந்தக் கடிகாரத்தைச் சரிபார்த்துக் கொடுப்பது பகலின் நீளம். கோடியக்கரையில் டிசம்பர்ப் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர் என்ற அறிவியலாளர், ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் கதிர்க்குருவிகளைப் பகல், இரவின் நீளம் மாறாத அறைகளில் வைத்து வளர்த்தார். வெளியுலகமே தெரியாத நிலையிலும் அவை உரிய பருவத்தில் இறகு உதிர்த்தன, உரிய பருவத்தில் வலசை கிளம்ப இரவெல்லாம் கூண்டுக்குள் துடித்தன. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தது.

பூமி எவ்வளவு சூடானாலும் ஏப்ரல் பகலின் நீளம் மாறாது. சிக்கல் அங்கேதான். வடக்கே பனி உருகும் நாள் நகர்கிறது, பறவையின் கடிகாரம் நகரவில்லை. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது. டைமிரில் நாட் என்னும் உள்ளான் இனத்தைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தார்கள். 33 ஆண்டுகளில் அங்கே பனி உருகும் நாள் ஆண்டுக்கு அரை நாள் வீதம் முன்னால் வந்திருந்தது. கூட்டினால் இரண்டு வாரத்துக்கும் மேல். நம் ஊரில் அறுவடை இரண்டு வாரம் முன்னால் வந்தால் அரிவாளோடு முன்னாலேயே போய்விடுவோம். குஞ்சால் முட்டைக்குள்ளிருந்து முன்னாலேயே வர முடியுமா? பூச்சிகள் பெருகி அடங்கத் தொடங்கும் நேரத்தில்தான் அது ஓட்டை உடைக்கிறது. அரைவயிற்றோடு வளர்கிறது. பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளில் பிறந்த நாட் குஞ்சுகள் உடலிலும் அலகிலும் சிறுத்திருந்தன.

அலகு சற்றுக் குட்டையாக இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அந்த நாட் குளிர்காலத்தைக் கழிப்பது மேற்கு ஆப்பிரிக்காவில், மொரிட்டானியாவின் சேற்றுக் கரையில். அங்கே சத்துள்ள சிப்பி சேற்றுக்குள் ஆழத்தில் இருக்கிறது. குட்டை அலகு எட்டாது. மேலாகக் கிடைக்கும் கடற்புல் வேரைத் தின்று கிடக்கின்றன, அவற்றில் பல அடுத்த ஆண்டைப் பார்ப்பதில்லை. டைமிரில் தவறிய சில நாட்களுக்கான கடனை மொரிட்டானியாவில் உயிரால் கட்டுகின்றன. இவை நம் கரைக்கு வரும் பறவைகள் அல்ல என்பது உண்மை. ஆனால் நம்முடையவையும் குஞ்சு பொரிப்பது அதே தூந்திரத்தில்தான்.

காட்டுப் பறவைகளிலும் இதே கதைதான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நெதர்லாந்துக்கு வரும் ஈப்பிடிப்பான் ஒன்று, வசந்தம் முந்தியதால் வந்து சேர்ந்ததும் அவசர அவசரமாக முட்டையிடத் தொடங்கியது. ஆனால் வந்து சேரும் நாளை அதனால் முன்னால் இழுக்க முடியவில்லை. ஓக் மரத்துக் கம்பளிப்பூச்சிகள் மிகச் சீக்கிரம் பெருகி முடிந்த காடுகளில் இருபது ஆண்டுகளுக்குள் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 90 சதவீதம் சரிந்தது.

இவ்வளவு சொன்னாலும் ஒருவர் எழுந்து, "காலப்போக்கில் பழகிவிடாதா?" என்பார். ஐஸ்லாந்தில் முட்டையிடும் கருவால் மூக்கன் என்னும் கரைப்பறவைகளில் வருகை முந்தியிருப்பது உண்மை. கால் வளையங்களை வைத்து ஒவ்வொரு பறவையாகத் தொடர்ந்து பார்த்தபோது, எந்தப் பறவையும் தன் தேதியை மாற்றிக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே நாளில்தான் வந்தது. முன்னால் வந்தவை எல்லாம் புதிதாகச் சேர்ந்த இளம் பறவைகள். ஆக, பழகுவதானால் பிள்ளைகள் வழியாகத்தான் பழக வேண்டும். பிள்ளையே பிழைக்காத இடத்தில் யார் பழகுவது? அந்த மூக்கனுக்கு ஐரோப்பாவிலிருந்து ஐஸ்லாந்துக்குப் பக்கத்துப் பயணம். நம் உள்ளானுக்கு அப்படியல்ல.

சூடு கூடினால் பனி சீக்கிரம் உருகும் என்ற வாய்ப்பாடும் எல்லா ஆண்டும் பலிப்பதில்லை. 2018-இல் கிழக்குக் கிரீன்லாந்தில் வழக்கத்துக்கு மாறாகப் பனி கொட்டித் தீர்த்து, ஜூன் கடைசியிலும் நிலத்தை விட்டுப் போகவில்லை. சாக்கன்பெர்க் ஆய்வு நிலையத்தைச் சுற்றி அந்த ஆண்டு கரைப்பறவைகளின் இனப்பெருக்கம் ஏறக்குறைய முற்றிலும் தோற்றது. முந்துவது ஓராண்டு, பிந்துவது ஓராண்டு. பறவைக்கு இருப்பது ஒரே தேதி.

இதற்கும் உப்பளத்து டிரோனுக்கும் என்ன தொடர்பு? எனக்கு வயிறு எரிவது இதற்காகத்தான்.

பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் வேலையில் இருப்பவர்கள் பறவையைக் கையில் எடுத்ததும் நெஞ்சு இறகை மெல்ல ஊதி விலக்கிப் பார்ப்போம். கழுத்துக்குக் கீழே உள்ள குழி ஜனவரியில் வெறுமையாக இருக்கும். ஏப்ரலில் மஞ்சள் கொழுப்பு அதை நிரப்பி மேடாகியிருக்கும். குளிர்காலத்தில் 50, 60 கிராம் இருக்கும் கர்லியூ சாண்ட்பைப்பர் புறப்படும் முன் 80 கிராமை எட்டுவதுண்டு. நம் உடம்பில் சில வாரங்களில் மூன்றில் ஒரு பங்கு எடை ஏறினால் மருத்துவரிடம் ஓடுவோம். இதற்கு அதுதான் பயணச் செலவு. நெடுந்தூரம் பறக்கும் கரைப்பறவைகளில் சில, கிளம்பும் முன் குடலையும் இரைப்பையையும்கூடச் சுருக்கிக்கொள்கின்றன. போய்ச் சேர்ந்ததும் அவற்றை மறுபடி வளர்த்துக்கொண்ட பிறகே ஒழுங்காகத் தின்ன முடியும். அதுவரை தாங்குவது மிச்சமிருக்கும் கொழுப்பு. கையிருப்பு குறைந்த பறவை வழியில் கூடுதல் நாள் தங்கித் தின்ன வேண்டும், அல்லது மெலிந்து போய்ச் சேர வேண்டும். இரண்டிலும் முட்டையிடுவது தள்ளிப்போகும். முன்பு வடக்கே சில நாள் சலுகை இருந்தது. இப்போது அந்தச் சலுகை போய்விட்டது. 'ஏழாயிரம் கிலோமீட்டர் பறக்கிற பறவைக்கு நாலு சுற்று என்ன' என்பது, ஊருக்குப் போகிறவனின் பையிலிருந்து டிக்கெட் பணத்தை எடுத்துக்கொண்டு 'நிறைய வைத்திருக்கிறாயே' என்பது போன்றது.

ஆகவே மார்ச் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை, உள்ளான் மேயும் கரையில் டிரோன் வேண்டாம். 'பறக்கும் படம்' எடுக்கக் கைதட்டுவதும் கல் எறிவதும் வேண்டவே வேண்டாம். படம் வேண்டுமானால் விடியும் முன் போய் ஒரே இடத்தில் உட்காருங்கள், பறவை தானாகவே பக்கத்தில் வரும். எழுபதைத் தொட்ட உப்பளத் தொழிலாளி ஒருவர் என்னிடம், "தம்பி, நாங்கள் தினமும் பக்கத்திலேதான் நடக்கிறோம், எங்களுக்கு அவை பறப்பதில்லை" என்றார். அவருக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. நாயோடு காலை நடை போகிறவர்கள், தயவுசெய்து அந்த ஏழு வாரம் மட்டும் நாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஜூன் மாதத்தில் கரையில் உள்ளான் நின்றால் அது வழிதவறியதும் அல்ல, வெயிலில் மயங்கியதும் அல்ல. கரைப்பறவைகளில் பல முதல் ஆண்டில் வடக்கே போவதே இல்லை. முட்டையிடும் வயது வரவில்லை, இங்கேயே சாம்பல் நிறத்தில் கோடையைக் கழிக்கின்றன. இது தெரியாமல் ஒரு குடும்பம் துரத்தி வலை போட்டுப் பிடித்து, செருப்புப் பெட்டியில் அரிசியோடு வைத்து என்னிடம் கொண்டுவந்தது. "பருவநிலை மாறியதால் வழி மறந்துவிட்டது சார்" என்றது அந்தப் பிள்ளை, கண்ணெல்லாம் கவலை. நல்ல பறவை, காயம் எதுவும் இல்லை. பெட்டியைத் திறந்தபோது உயிர் இல்லை. அந்தப் பிள்ளையைத் திட்ட மனம் வரவில்லை. பெரியவர்களுக்குச் சொல்கிறேன்: பிடிக்காதீர்கள், சட்டப்படியும் குற்றம். நிஜமாகவே காயம்பட்ட பறவை என்றால் காற்றோட்டமுள்ள பெட்டியில், நிழலில், இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

பறவை பார்க்கிறவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கர்லியூ சாண்ட்பைப்பரில் ஆண் அடைகாப்பதில்லை. ஜூலைத் தொடக்கத்திலேயே தூந்திரத்தை விட்டுக் கிளம்பிவிடும், ஆகஸ்டில் மார்பில் செம்மை மிச்சமிருக்க நம் கரையில் வந்து இறங்கும். அதன் பிள்ளைகள் பிழைத்தனவா என்பது அதற்கே தெரியாது. நமக்குப் பின்னால் தெரியும். செப்டம்பர், அக்டோபரில் வரும் கூட்டத்தில், இறக்கைச் சிறகுகளின் ஓரம் வெளிறிய இளம் பறவைகள் எத்தனை என்று எண்ணினால் போதும். லெம்மிங் எலிகள் குறைந்த ஆண்டில் நரிகள் குஞ்சுகள் பக்கம் திரும்பிவிடும் என்பதால் ஓராண்டுக் கணக்கை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. பல ஆண்டுக் கணக்கு வேண்டும், பல கரைகளிலிருந்து வேண்டும். இளசு எத்தனை, முதிர்ந்தது எத்தனை, ஏப்ரலில் கடைசியாகப் பார்த்த நாள், ஆகஸ்டில் முதலில் பார்த்த நாள். காலில் வளையமோ கொடியோ இருந்தால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து.

இந்தக் குறிப்புகளை அனுப்பும்போது தேதியோடு ஆண்டையும் எழுதுங்கள். பாதிப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.