பழைய ஓவியத்தில் இருப்பது பச்சிலைச் சாறு இல்லை

இந்த மாதமும் ஒன்று வந்து சேர்ந்தது. தாத்தா காலத்து எண்ணெய் ஓவியம். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்து, அழுக்கு போகவில்லை என்று உப்புத்தாளால் "லேசாக" சுரண்டி, அதற்கப்புறம்தான் சீரமைப்பவரிடம் காட்டலாம் என்று தோன்றியிருக்கிறது. ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்கிற அதே பதில்: "அந்தக் காலத்து இயற்கை வண்ணம்தானே சார், என்ன ஆகிவிடும்?"

எந்தக் காலத்து? உங்கள் படம் 1880-ஐ ஒட்டியது என்றால், அது ஐரோப்பிய இரசாயனத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடிய காலம். பிரஷ்ய நீலம் பெர்லினில் 1706 வாக்கிலேயே செயற்கையாகப் பிறந்துவிட்டது. 1797-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வொக்லான் சைபீரியத் தாதுவிலிருந்து குரோமியத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அதிலிருந்து செய்த குரோம் மஞ்சள் கடைக்கு வந்தது. 1802-இல் இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் கோபால்ட் நீலத்தைச் செய்தார். ஆப்கானிஸ்தான் மலைக்கல்லை அரைத்து எடுத்த, தங்கத்தோடு ஒப்பிட்டு விலை பேசிய அல்ட்ராமரீன் நீலத்தை செயற்கையாக, மலிவாகச் செய்துகாட்டியதற்காக கிமே என்ற பிரெஞ்சுக்காரர் 1828-இல் 6,000 ஃபிராங்க் பரிசு வாங்கினார். 1841-இல் அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட், வண்ணம் அடைக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி விற்ற வண்ணம், அப்புறம் டியூபில் அடைபட்டுக் கப்பலேறியது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் தொங்கும் எண்ணெய் ஓவியங்கள் பெரும்பாலும் அந்த டியூப் காலத்துச் சரக்குதான்.

என்னைத் தூங்கவிடாதது பச்சை. 1814-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் தயாரிக்கத் தொடங்கிய மரகதப் பச்சையில் செம்பும், கொடிய நஞ்சான ஆர்செனிக்கும் உண்டு. அதே தூள் ஓவியருக்கு டியூபில் போனது, சுவர்த்தாளில் போனது, துணியிலும் காகிதப் பூவிலும் போனது, பிறகு அமெரிக்க உருளைக்கிழங்கு வயலில் வண்டு கொல்லும் மருந்தாகவும் போனது. 1861-இல் லண்டனில் மடில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண் இறந்தார். செயற்கை இலைகளின் மேல் இந்தப் பச்சையைத் தூவுவதுதான் அவர் வேலை. உப்புத்தாள் போட்டுக் கிளப்புவது இந்தத் தூசியாக இருக்கலாம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

சரி, ஆலைகள் வருவதற்கு முந்தியவை மட்டும் அமுதமா? மஞ்சள் கல்லான அரிதாரத்தில் ஆர்செனிக், சிவப்புக் கல்லான சாதிலிங்கத்தில் பாதரசம். இரண்டும் மண்ணிலிருந்து வந்த சுத்தமான இயற்கைதான்! ஈய வெள்ளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1920-களில் டைட்டானியம் வெள்ளை பரவும்வரை எண்ணெய் ஓவியங்களில் கொட்டிக் கிடந்தது அதுதான்.

"இயற்கை என்பதால் நிறம் மங்காது" என்பது இதன் தங்கச்சிப் பொய். தாவர, பூச்சிச் சாயங்களில் பலவும் வெயிலில் வெளுக்கும். ஆலைச் சாயங்களிலும் பல அப்படித்தான். டச்சு ஓவியர் வான் கோ 1888-இல் வரைந்த படுக்கையறைச் சுவர் முதலில் ஊதா. அதில் கலந்திருந்த சிவப்பு பறந்துபோய் இன்று நீலமாக நிற்கிறது. புது வண்ணங்கள் நிலைக்காது என்று அவருக்கே தெரியும். காலம் எப்படியும் மங்கச்செய்யும், அதனால் தூக்கலாகவே பூசலாம் என்று கடிதத்தில் எழுதினார். ஆகவே மங்கிய இடத்தைப் பார்த்து அழுக்கு என்று தேய்க்காதீர்கள். அது அழுக்கு இல்லை, தேய்த்தால் திரும்பி வராது.

பழைய டியூப் கிடைத்தால் லேபிளை நம்பாதீர்கள், நானும் நம்புவதில்லை. இன்று மரகதப் பச்சை என்று விற்பதில் ஆர்செனிக் கிடையாது. 1890-இல் அதே பெயருக்குள் என்ன இருந்தது என்பதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

கிழங்கு, ரொட்டி, சோப்புத்தண்ணீர், திருநீறு, எதுவும் வேண்டாம். ஈரத்துணியும் வேண்டாம். வெயில் படும் சுவரிலிருந்து படத்தை இறக்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உதிரும் ஓவியத்தைக் கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பச்சைத் துணி அட்டை போட்ட 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகம் இருந்தால், விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கத்தை அதோடு விட்டுவிடுங்கள். அந்தத் துணியிலும் இதே பச்சை இருக்கலாம்.

தரையில் தூள் உதிர்ந்திருந்தால் துடைப்பம் போடாதீர்கள், வாக்யூமும் வேண்டாம். கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டுங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். அந்தப் பையையும் படத்தோடு கொண்டுவாருங்கள், குப்பையில் போட்டுவிட்டு வராதீர்கள்.