சார்ஸ் ஏன் மருத்துவமனை ஊழியர்களைத் தேடிப் பிடித்தது?

2003 மார்ச் 4 அன்று ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில், 8ஏ வார்டில், காய்ச்சலோடு ஒருவர் சேர்ந்தார். நிமோனியா என்று சிகிச்சை தொடங்கினார்கள். மூச்சுக்குழாய் விரிவதற்காக நாளுக்கு நான்கு முறை நெபுலைசர், அதாவது மருந்தைப் பனிபோல் ஆக்கி மூச்சில் ஏற்றும் கருவி, வைத்தார்கள். ஒரு வாரம் இது தொடர்ந்தது. வந்திருப்பது நுரையீரலைத் தாக்கும் புதிய வைரஸ் நோயான சார்ஸ் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அந்த நோய்க்கு அப்போது பெயரே வைக்கவில்லை. மாதம் முடிவதற்குள் அவரிடமிருந்து கிளம்பிய தொற்று 138 பேரைப் படுக்கவைத்தது. அவர்களில் 69 பேர் மருத்துவமனை ஊழியர்கள், 16 பேர் மருத்துவ மாணவர்கள்.

உலகம் முழுக்க சார்ஸ் வந்த 8,096 பேரில் ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். கனடாவில் மட்டும் பார்த்தால் பத்தில் நான்கு பேருக்கும் மேல். தெருவிலும் பஸ்ஸிலும் பெரிதாகப் பரவாத வைரஸ் வார்டுக்குள் ஏன் இப்படிப் பாய்ந்தது?

முதல் காரணம் நாள்கணக்கு. சார்ஸ் நோயாளியின் மூச்சுப்பாதையில் வைரஸ் முதல் சில நாள் குறைவாகத்தான் இருக்கும். அப்புறம் ஏறிக்கொண்டே போய், காய்ச்சல் தொடங்கிய பத்தாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொடும். அந்த நேரத்தில் ஆள் வீட்டில் இருப்பதில்லை; மூச்சுத் திணறி மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பவரும் சளியை உறிஞ்சி எடுப்பவரும் சரியாக அந்த உச்சத்தில்தான் அவர் முகத்தருகே குனிகிறார்கள்.

இரண்டாவது, காற்று. இருமும்போதும் பேசும்போதும் பல அளவுகளில் துளிகள் வெளிவருகின்றன. பெரியவை ஓரிரு மீட்டருக்குள் விழுந்துவிடும். மிகச் சிறியவை, பூட்டிய அறையில் ஊதுபத்திப் புகை போல, மிதந்துகொண்டே நிற்கும். அறைக் காற்று மணிக்கு 12 முறை மாறினால் அவற்றில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும். 6 முறைதான் மாறுகிறது என்றால் 46 நிமிடம். ஜன்னல் அடைத்த வார்டில் எவ்வளவு நேரம் தங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்தது இன்னும் கவலை தருவது. ஒரு சார்ஸ் நோயாளிக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டியிருந்தது. கவுன், கையுறை, கண்ணாடி, மாஸ்க் என்று எல்லாம் போட்டிருந்தும் பராமரித்தவர்களில் 9 பேருக்குத் தொற்று வந்தது. மாஸ்க் அவரவர் முகத்துக்குப் பொருந்துகிறதா என்ற சோதனை நடந்திருக்கவில்லை. கவச உடையை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்பதும் பலருக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

நுண்துகளை வடிகட்டும் என்95 மாஸ்க்கின் இழைகளில் நிலைமின்னேற்றம் இருக்கிறது. சல்லடையில் சிக்காத நுண்துகளைக்கூட அது இழுத்து ஒட்டவைக்கும். ஆனால் மூக்கோரம் மெல்லிய இடைவெளி இருந்தாலும் காற்று அந்த வழியைத்தான் பிடிக்கும். அதனால்தான் பொருத்தச் சோதனை. தலையில் ஒரு உறையை மாட்டி, உள்ளே கசப்புத் திரவத்தைத் தெளிப்பார்கள். மாஸ்க்கோடு தலையைத் திருப்பவும் குனியவும் சத்தமாகப் பேசவும் வேண்டும். நாக்கில் கசப்பு தட்டினால் அந்த மாஸ்க் அந்த முகத்துக்கு உதவாது. இந்தச் சோதனைக்கு நேரமில்லை என்று எந்த நிர்வாகம் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

டியூப் போடுவதே ஆபத்து என்று வெகுகாலம் நம்பினார்கள். கோவிட் காலத்தில் அறுவை அரங்கில் அளந்து பார்த்தபோது, மயக்க நிலையில் இருப்பவருக்கு டியூப் போடும்போது வரும் நுண்துளிகள் ஒரே ஒரு இருமலில் வருவதைவிட மிகக் குறைவாக இருந்தன. அப்படியானால் இருமும் நோயாளிக்குச் சோறூட்டும் உதவியாளருக்கும் கட்டிலடியைத் துடைப்பவருக்கும் நல்ல மாஸ்க் தேவைதானே? பல இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தது சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்.

கோவிடின் நாள்கணக்கு வேறு. அறிகுறி தொடங்கும் சமயத்திலேயே, சிலருக்கு அதற்கு முன்பே, வைரஸ் உச்சத்தில் இருக்கும். அதனால் வார்டில் கவனமாக இருந்தவர்கள்கூட, மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சக ஊழியரோடு டீ குடிக்கும் அறையில் தொற்றில் மாட்டிக்கொண்டார்கள்.

டொராண்டோ அனுபவத்தை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் ஆணையம், அறிவியல் உறுதியாகச் சொல்லும்வரை பாதுகாப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2006இல் எழுதியது. 2020இல் எந்த மாஸ்க் யாருக்கு என்ற வாக்குவாதம் பல நாடுகளில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. 2021 மே வரை கோவிடில் இறந்த மருத்துவப் பணியாளர்கள் 80,000 முதல் 1,80,000 பேர் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.