பகல் வெயிலை ராத்திரிக்குச் சேர்த்து வைக்கும் மட்டுப்பா

கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பொழுது அடைந்து நாலு மணி நேரம் ஆனபிறகும் ஃபேன் காற்று அனலாக வருகிறதே, ஏன்? அம்மாவின் பழைய ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை இருந்ததே இல்லை."

ஏப்ரல் வந்தால் குமரி மாவட்டத்தில் பலருக்கும் இருக்கும் கேள்விதான். கடத்தல், சலனம், கதிர்வீச்சு எல்லாம் பள்ளியிலேயே படித்தாயிற்று. நேராக மட்டுப்பாவுக்கு ஏறிவிடுவோம் (மொட்டை மாடிக்கு எங்கள் ஊர்ப் பெயர்).

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் விழுகிறது. மழைபட்டுக் கறுத்த கான்கிரீட் அதில் 700 வாட் வரை உறிஞ்சிக்கொள்ளும். 1000 சதுர அடி மட்டுப்பா என்றால் சுமார் 93 சதுர மீட்டர். ஆக 65 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் அறுபத்தைந்தை மேலே கவிழ்த்து வைத்த மாதிரி. பெரும்பகுதி காற்றோடும் வானத்துக்கும் போய்விடும். மிச்சம் உள்ளே இறங்கும்.

இறங்குகிற விதம்தான் அழகு. கான்கிரீட்டின் மேல் அடுக்கு முதலில் தான் சூடேறிக்கொள்ளும், அப்புறம்தான் கீழ் அடுக்குக்குக் கொடுக்கும். அதுவும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் அடுத்ததற்குத் தள்ளும். இப்படிக் கைமாறிக் கைமாறி 15 சென்டிமீட்டர் கடக்க அந்த வெப்ப அலைக்குச் சுமார் நாலு மணி நேரம் பிடிக்கிறது. மேலே ஒரு மணிக்கு உச்சம் என்றால், நம் தலைக்கு மேலே உச்சம் ஐந்து மணிக்கு. அத்தோடு விடாது. அந்தக் கூரையின் எடை முப்பது டன்னுக்கு மேல். அத்தனையும் சூடேறி நிற்கும் கல். அது ஆற வேண்டாமா?

ஆறும்போது இரண்டு பக்கமும் விடுகிறது. மேலே போகிற கதிர்களை நம் கடலோர வானத்தின் ஈரப்பதம் பாதி வழியில் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. அதனால் பாலைவனத்தைப் போல இங்கே கூரை சட்டென்று குளிர்வதில்லை. கீழே விடும் கதிர் கட்டில்மேல், தரைமேல், நம்மேல் விழுகிறது. ஃபேன் காற்றைத்தான் நகர்த்தும், கதிரைத் தடுக்காது. போதாததற்குக் கூரையை ஒட்டி நிற்கும் சூடான காற்றையே கீழே இழுத்து வருகிறது. வாசகி சொல்லும் அனல் இதுதான்.

ஓட்டுக் கூரையும் வெயிலில் கொதிக்கத்தான் செய்யும். ஆனால் மெல்லியது, சேர்த்து வைக்க இடமில்லை. ஓட்டு இடுக்கு வழியே சூடு வெளியேறும், கீழே மரத்தாலான மச்சு தடுக்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஆறிப்போகும். தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனைக்குள் மே மாதப் பகலில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை ஒழுகாமல் இருக்க மட்டுப்பாவுக்கு மேலே ஷீட் போடுகிறோமே, அதுவும் இதே வேலையைச் செய்கிறது: வெயிலைத் தான் வாங்கிக்கொண்டு, இடையில் காற்றுப் போக வழி விடுகிறது.

எனக்கு வருத்தம் தருவது கன்னி மூலை, அதாவது தென்மேற்கு மூலை விவகாரம். அங்கே ஜன்னல் ஆகாது என்று வாஸ்து சொல்லி அடைத்துவிடுகிறார்கள். குளச்சல் பக்கம் கடற்காற்று வருவதே அந்தத் திசையிலிருந்துதான்!

சரி, மின்சாரத்துக்கு வருவோம். மாலையில் சோலார் தகடு ஓய்ந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் கூரை தன் சூட்டை இறக்குகிறது, ஏசி ஓடத் தொடங்குகிறது. காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலில் காற்று மந்தமாக இருக்கும் இரவென்றால் அந்தச் சுமை பெரும்பாலும் நிலக்கரியின் தலையில். 2024இல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறார்கள், நல்லது. வெயிலை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் கூரைக்கும் அதே அக்கறை வேண்டும்.

விதிமுறை இல்லாமல் இல்லை. 2018இல் வந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற மத்திய அரசின் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் கூரை கடத்தக் கூடாது என்கிறது. நம் வெறும் கான்கிரீட் 3ஐத் தாண்டும். ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைக்குத்தான், அதாவது பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல். இங்கே நாலு சென்ட்டிலும் ஐந்து சென்ட்டிலும் வீடு கட்டுகிறவர்களை அது தொடவே இல்லை. தெலங்கானா 2023இல் குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழகத்தில் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். அத்தனை புதுக் கூரைக்கும் வெள்ளைப் பூச்சைத் திட்டத்திலேயே சேர்ப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.

வெள்ளைப் பூச்சிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது வெள்ளை, விழும் வெயிலில் முக்கால்வாசியைத் திருப்பிவிடும். சூடான பொருள் விடும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரிலோ அது ஏறக்குறைய கறுப்பு. தன் சூட்டைத் தாராளமாக வெளியே கதிராக விட்டுவிடும். பளபளக்கும் தகரத்துக்கு இந்த இரண்டாவது குணம் கிடையாது, அதனால்தான் அது வெயிலில் கையைச் சுடுகிறது.

ஒரே எதிரி பாசி. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. வெள்ளை அடித்த மட்டுப்பா ஒரே வருடத்தில் பச்சை பிடித்து, பிறகு கறுத்துவிடும். அதனால் பிப்ரவரியில் பாசியைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு அடியுங்கள். முதலில் ஓர் அறைக்கு மேலே மட்டும் போதும். பிறகு ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, ஃபேனை நிறுத்திவிட்டு, அந்த அறையின் கூரையையும் பக்கத்து அறையின் கூரையையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.